வண்டி விளையாட்டில் சத்தம் ஏன் பொய் சொல்லுது?



போன மாதம் மதிய சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு சண்டை நடந்தது. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். எங்கள் வகுப்புப் பையன்கள் நாலு பேர், "எந்த கேம்ல கார் சவுண்டு ஒரிஜினலா இருக்கு?" என்று வாதாடிக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் சோற்றுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி பிடித்து, வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்டினான். நான் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எதுவுமே ஒரிஜினல் இல்லடா. மேடு ஏறும்போதும் ஒரே சத்தம், எறங்கும்போதும் ஒரே சத்தம். அது எப்படி ஒரிஜினல் ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "வண்டிய பத்தி உனக்கு என்னா தெரியும்? போய் கோலம் போடு."

கோலம் போடவும் எனக்குத் தெரியும். சத்தம் கேட்கவும் தெரியும். அதனால்தான் இந்த மாத சுவர் இதழில் எனக்குக் கொடுத்த தாளில் இதையே எழுதுகிறேன்.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். வண்டி விளையாட்டில் சத்தம் உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க, அது எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று பார்க்கக் கூடாது. எஞ்சின் அந்த நேரத்தில் என்ன பாடு படுகிறது என்று அது சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னால் அது உண்மைச் சத்தம். சொல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் விளையாட்டில் தோற்பதோடு நிற்காது, ரோட்டிலும் ஆபத்து வரும். எப்படி என்று சொல்கிறேன்.

உப்பளத்தில் கற்ற பாடம்

என் தாத்தா மரக்காணம் உப்பளத்தில் பல வருஷம் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டவர். உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைத்து விடுகிற எஞ்சின் அது. சின்ன வயதில் லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். அவர் எஞ்சினை ஓட விட்டுவிட்டுத் தள்ளிப் போய்க் கொட்டாயில் படுத்துக்கொள்வார். கண் மூடி இருக்கும். தூங்குகிறார் என்று நினைப்பேன். திடீரென்று எழுந்து, "காத்து இழுக்குது, காத்து இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். போய்ப் பார்த்தால் குழாயில் தண்ணீர் வராது. உறிஞ்சு குழாயில் எங்கேயோ காற்று புகுந்திருக்கும்.

எஞ்சின் நிற்கவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேகமும் பெரிதாக மாறவில்லை. பின்னே எப்படித் தெரிந்தது என்று ஒரு நாள் கேட்டேன். தாத்தா சொன்னார்: "தண்ணி இழுக்கறப்போ அது முக்கும் கண்ணு. தண்ணி இல்லன்னா சும்மா பேசும்."

பிறகுதான் எனக்கு இதன் காரணம் புரிந்தது. அந்த எஞ்சினில் கவர்னர் என்று ஒரு பாகம் உண்டு. பாரம் கூடினால் டீசலைக் கூட்டும், பாரம் குறைந்தால் டீசலைக் குறைக்கும். அதனால் சுற்று வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பாரம் இருக்கும்போது உள்ளே ஒவ்வொரு வெடிப்பும் கனமாக இருக்கும். பாரம் இல்லாதபோது லேசாக இருக்கும். வேகம் ஒன்று, சத்தம் இரண்டு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

எஞ்சின் சத்தத்துக்கு ஒரு கணக்கு

எஞ்சின் சத்தம் என்பது வெடிப்புகளின் வரிசை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சும், அமுக்கும், வெடிக்கும், புகையைத் தள்ளும். இந்த நாலு வேலைக்கும் இரண்டு சுற்று ஆகும். அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. இது தெரிந்தால் நாமே கணக்குப் போடலாம்.

நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் என்றால் நொடிக்கு 25 சுற்று. அதில் பாதி, நொடிக்கு பன்னிரண்டரை வெடி. அதனால்தான் நமக்கு 'டப டப டப' என்று தனித்தனியாகக் கேட்கிறது.

ஆறு சிலிண்டர் பஸ் எஞ்சின் நின்ற இடத்தில் 600 சுற்று ஓடினால் நொடிக்கு 10 சுற்று. சுற்றுக்கு 3 வெடி. நொடிக்கு 30. இப்போது தனித்தனியாகக் கேட்காது, உறுமலாகக் கேட்கும். ஜன்னல் கண்ணாடி ஆடுவது இதனால்தான்.

இன்னும் மேலே போவோம். நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவர் காரில் பத்து சிலிண்டர் எஞ்சின். நிமிஷத்துக்கு 18,000 சுற்று என்று வைத்தால் நொடிக்கு 300 சுற்று, சுற்றுக்கு 5 வெடி. நொடிக்கு 1500 வெடி! அது உறுமல் இல்லை, கிறீச்சென்ற கூவல். ஆயில் எஞ்சினில் 'டப டப', பஸ்ஸில் உறுமல், பந்தயக் காரில் கூவல். மூன்றும் ஒரே விதிதான்.

விளையாட்டு செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

நல்ல விளையாட்டு செய்பவர்கள் உண்மையான காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். அந்தக் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். கார் நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் ஓடும். உருளையை இறுக்கினால் மேடு ஏறுவது மாதிரி பாரம் கிடைக்கும். எஞ்சின் பக்கம் ஒரு மைக், காற்று இழுக்கும் இடத்தில் ஒரு மைக், சைலன்சர் பக்கம் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்வார்கள். 1000 சுற்றில் ஒரு துண்டு, 2000 சுற்றில் ஒரு துண்டு என்று எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக மாறும்படி ஒட்டுவார்கள். முக்கியமாக, ஆக்சிலேட்டரை மிதித்தபோது ஒரு தொகுப்பு, காலை எடுத்தபோது ஒரு தொகுப்பு. தாத்தா சொன்ன 'முக்குறது' ஒரு தொகுப்பு, 'சும்மா பேசுறது' ஒரு தொகுப்பு!

இன்னொரு வழியும் உண்டு. பதிவு செய்யாமல், எஞ்சின் எப்படி வெடிக்கும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு அப்போதைக்கு அப்போது சத்தத்தை உண்டாக்குவது. 'லைவ் ஃபார் ஸ்பீட்' என்ற கார் விளையாட்டு இப்படித்தான் செய்கிறது.

இரண்டுமே கஷ்டமான வேலை. படம் அழகாக வந்தும் சத்தத்தில் கோட்டைவிட்ட கதைகள் உண்டு. 'கிரான் டூரிஸ்மோ' 1997-இல் வந்த புகழ்பெற்ற ஜப்பான் விளையாட்டு. காரின் ஓட்டத்துக்கும் படத்துக்கும் உலகமே பாராட்டியது. ஆனால் சத்தம் மட்டும் தூசி உறிஞ்சும் மெஷின் மாதிரி இருக்கிறது என்று அதன் ரசிகர்களே பல வருஷம் கிண்டல் செய்தார்கள். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நம் கையில் இருக்கும் போன் விளையாட்டுகளில் பல, ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு, வேகம் கூடினால் சுருதியை மட்டும் ஏற்றிவிடும். இடம் மிச்சம், வேலை மிச்சம். தேய்ந்த சிடி மாதிரி அதே துண்டு திரும்பத் திரும்ப வரும். கவனித்துக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

இதை நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் அண்ணன் போனில் ஒரு பஸ் விளையாட்டு இருக்கிறது. பெயர் வேண்டாம், பல விளையாட்டுகள் இப்படித்தான். தாத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி, போனைக் காதருகே வைத்து, மலைப்பாதையில் ஆளேற்றிக்கொண்டு பஸ் ஏறும் காட்சியை ஓட விட்டேன். "தாத்தா, பஸ் என்னா செய்யுது சொல்லு" என்றேன். அரை நிமிஷம் கேட்டார். "எங்கயும் போகலியே. நின்ன எடத்துல எவனோ ஆக்சிலேட்டர மிதிச்சிக்கிட்டு இருக்கான்" என்றார்.

அண்ணன் சிரித்தான். எனக்கு மட்டும் புல்லரித்தது. ஏனென்றால் அதுதான் உண்மையாக இருக்க வேண்டும். யாரோ ஒருவர் நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பதிவு செய்த சத்தம் போல இருக்கிறது. அந்தச் சத்தத்தில் மலையும் இல்லை, ஆளும் இல்லை. படத்தில் மட்டும் இருக்கிறது.

நம்ம ஊர் பஸ், யாரோ ஊர் சத்தம்

2017-இல் வந்த 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' விளையாட்டை நம் பள்ளியில் தெரியாதவர் குறைவு. அதில் ஆடுபவர்களே வண்டிக்கு வண்ணம் மாற்றலாம், புது வண்டி சேர்க்கலாம். அதனால் தமிழ்நாட்டு அண்ணன்மார்கள் நம் அரசு பஸ்ஸையும், தனியார் பஸ்ஸையும் அப்படியே வரைந்து சேர்த்திருக்கிறார்கள். இந்தோனேசியாக் குழந்தைகளுக்கும் நமக்கும் இதில் ஒரு ஒற்றுமை உண்டு. அங்கே குழந்தைகள் ரோட்டோரம் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து "ஓம் தெலோலெட் ஓம்" என்று கத்துவார்கள். 'ஓம்' என்றால் மாமா. 'தெலோலெட்' என்பது ஹாரன் சத்தம். அதாவது "மாமா, ஹாரன் அடிங்க மாமா!" 2016 டிசம்பரில் இது உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஹாரன் விளையாட்டிலும் இருக்கிறது. தங்கள் ஊர்ச் சத்தத்தை அவர்கள் உலகத்துக்கே கேட்க வைத்துவிட்டார்கள்.

நாம்? பஸ்ஸின் வண்ணத்தைச் சரியாகப் போடுகிறோம். ஊர்ப் பெயர்ப் பலகை சரி. ஆனால் திண்டிவனம் – புதுச்சேரி ரோட்டில் காலையில் வரும் பஸ்ஸின் சத்தம் எங்கே? ஆள் நிறைந்து, படியில் தொங்கி, இரண்டாம் கியரில் கிளம்பும்போது அது ஒரு மூச்சு வாங்குமே, அது எங்கே? கியர் போடும்போது நடுவில் ஒரு நொடி சத்தம் விழுந்து எழுமே, அது எங்கே? கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் ஆடும் ஜன்னல், பிரேக் போட்டதும் 'புஸ்' என்று விடும் காற்று, கண்டக்டர் விசில்? இதெல்லாம் சேர்ந்ததுதான் பஸ் சத்தம். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களின் சத்தத்தைப் பதிவு செய்ய ஆள் இருக்கிறார்கள். நம் பஸ்ஸையும், டிராக்டரையும், உப்பள எஞ்சினையும் யார் பதிவு செய்வார்கள்? நாம்தான் செய்ய வேண்டும்.

பெரிய சத்தம் உண்மைச் சத்தம் இல்லை

ஒரு நண்பன் சொல்கிறான்: "சத்தம் அதிகமா இருந்தாதான் கெத்து." இந்த எண்ணம் பந்தய உலகத்திலேயே உண்டு. பார்முலா ஒன் கார்களில் 2005 வரை பத்து சிலிண்டர், 2006 முதல் எட்டு சிலிண்டர். 2014-இல் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த வண்டி வந்தது. முன்னே போட்ட கணக்கைப் போடுங்கள். 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 சுற்று, சுற்றுக்கு 3 வெடி, 600 தான். 1500 எங்கே, 600 எங்கே? போதாக்குறைக்கு டர்போ, புகையின் வேகத்தை வாங்கிக்கொண்டு காற்றாடியைச் சுற்றுகிறது. அதனால் சத்தம் இன்னும் அடங்கிவிட்டது. ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அந்த வருஷம் மே மாதம் ஒரு அணி, புகைக் குழாய் முனையில் ஊதுகுழல் மாதிரி ஒன்றை மாட்டிக்கூடப் பார்த்தது. பயன் இல்லை.

ஆனால் அந்தச் சின்னச் சத்தம் பொய்யா? இல்லை. வெடிப்பின் சக்தியை வீணாக்காமல் எடுத்துக்கொள்கிறது என்று அது உண்மையைத்தான் சொல்கிறது. இரைச்சல் என்பது வெளியே போய்விட்ட சக்தி.

இதை நம் ஊர் அண்ணன்களும் கேட்க வேண்டும். விளையாட்டில் கேட்ட சத்தம் தன் பைக்கிலும் வர வேண்டும் என்று சைலன்சரை மாற்றிக்கொண்டு சிலர் ஓட்டுகிறார்கள். பல ராகத்தில் பாடும் ஹாரன் மாட்டுகிறார்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பல சுருதி ஹாரன் கூடாது, சைலன்சர் இல்லாமலும் ஓட்டக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த பைக் பக்கத்துத் தெருவில் போனாலே காதைக் கிழிக்கும். அது கிட்டே இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பின்னால் வரும் லாரியின் சத்தத்தையும் அது மூடிவிடும். உண்மையைச் சொல்லாதது மட்டும் இல்லை, மற்றவர் சொல்லும் உண்மையையும் கேட்க விடாது.

நிழற்குடையில் ஒரு பரீட்சை

"கோலம் போடு" என்று சொன்னவனை நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை, பஸ் நிறுத்த நிழற்குடையில் என் அக்காவை நடுவராக வைத்துப் பந்தயம். இரண்டு பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டோம். போகிற பத்து வண்டி என்ன வண்டி என்று சொல்ல வேண்டும். அவன் நாலு சொன்னான். நான் எட்டு சொன்னேன். ஆளேற்றிய பஸ், காலி பஸ் என்பதுகூடச் சொன்னேன். ஒரு மினி லாரியை டிராக்டர் என்று தப்பாகச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

பத்தாவது ஒன்று இருக்கிறதே, அதுதான் முக்கியம். அக்கா, "அடுத்தது என்னாடி?" என்றாள். "இன்னும் வரலியே" என்றேன். அவனும் அதையே சொன்னான். "போயிடுச்சு" என்றாள் அக்கா. மின்சார ஸ்கூட்டர். எங்களுக்குப் பின்னால் மூன்று முழ தூரத்தில் போயிருக்கிறது. இரண்டு பேர் காதுக்கும் விழவே இல்லை.

கட்டை அவிழ்த்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. நாங்கள் தினமும் கடக்கிற நான்கு வழிச் சாலை அது. வண்டி வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

இந்தப் பிரச்சினையை உலகம் யோசித்திருக்கிறது. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புது மாடல் மின்சாரக் கார்களும், 2021 ஜூலை முதல் எல்லாப் புது மின்சாரக் கார்களும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்போது வெளியே கேட்கும்படி ஒரு சத்தம் போட வேண்டும் என்று விதி. கண் தெரியாதவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் இதனால் பாதுகாப்பு. அதற்கு மேல் வேகம் போனால் டயர் சத்தமே கேட்கும்.

அந்தச் சத்தத்தை யார் செய்வது? இங்கேதான் நம் பெருமை. மஹிந்திரா நிறுவனத்தின் மின்சாரக் கார்களுக்கான சத்தங்களை நம் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்திருக்கிறார். சீட் பெல்ட் போடச் சொல்லும் ஒலி முதல் கார் ஓடும் ஒலி வரை 75-க்கும் மேல் என்று 2023-இல் அறிவித்தார்கள். அந்தக் கார்கள் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகம் ஆயின.

யோசித்துப் பாருங்கள், வேடிக்கை! விளையாட்டுக் கார் உண்மைக் கார் மாதிரி ஸ்பீக்கரில் சத்தம் போடப் பாடுபடுகிறது. உண்மைக் கார் இப்போது விளையாட்டுக் கார் மாதிரி ஸ்பீக்கரில் சத்தம் போடுகிறது. "அப்போ எது ஒரிஜினல், எது டூப்பு?" என்று என் எதிராளி கேட்டான். நல்ல கேள்வி. என் பதில் முதலில் சொன்னதுதான். ஸ்பீக்கரில் வந்தாலும் பரவாயில்லை, வண்டி வேகம் கூடும்போது கூடி, நிற்கும்போது அடங்கி, "நான் வருகிறேன், இவ்வளவு வேகத்தில் வருகிறேன்" என்று சொன்னால் அது உண்மைச் சத்தம். சைலன்சரைக் கழற்றிய பைக்கில் நிஜ எஞ்சினே இருந்தாலும், நின்ற இடத்தில் முறுக்கிக் கத்தினால் அது பொய்ச் சத்தம்.

காது படிக்கும் இன்னொரு பாடம்

ஒரு வண்டி நம்மைக் கடந்து போகும்போது சுருதி சட்டென்று இறங்கும். 'ஈ...' என்று வந்து 'ஊ...' என்று போகும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர், பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அக்கா புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர். வரும்போது கேட்கும் சுருதிக்கும் போகும்போது கேட்கும் சுருதிக்கும் விகிதம் 360-க்கு 320. சுருக்கினால் 9-க்கு 8. சங்கீதத்தில் ச-வுக்கும் பெரிய ரி-க்கும் உள்ள விகிதமும் அதேதான்! 'ரி'யில் வந்து 'ச'வில் போகிறது பஸ். வேகம் கூடினால் இந்த இடைவெளியும் கூடும். ரோட்டோரம் வளர்ந்த பிள்ளைக்கு இது கணக்குத் தெரியாமலே காதில் ஏறிவிடுகிறது.

விளையாட்டில் இது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எதிரே வந்து கடக்கும் லாரி ஒரே சுருதியில் கடந்தால், அந்த விளையாட்டு உங்கள் காதுக்குத் தப்பான பாடம் நடத்துகிறது. அதைவிடப் பெரிய தப்பு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நடப்பது. உள்ளே பொய் வண்டி கத்த, வெளியே நிஜ வண்டி வருவது தெரியாது. நம் பள்ளியிலும் இப்படி நடப்பவர்கள் உண்டு. பெயர் எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

"விளையாட்டுதானே, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். நகம் அளவு ஸ்பீக்கரில் பஸ்ஸின் 30 ஹெர்ட்ஸ் உறுமல் வராது, எவ்வளவு நல்ல விளையாட்டு ஆனாலும் ஜன்னல் ஆடாது. அதை நான் குறை சொல்லவில்லை. சின்னச் சத்தமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லலாம் அல்லவா? தாத்தாவின் எஞ்சின் தூரத்தில் மெல்லத்தான் கேட்கும். ஆனால் சரியாகச் சொல்லும். அதைத்தான் கேட்கிறேன்.

இனிமேல் ஒரு வண்டி விளையாட்டை "ஒரிஜினல் சவுண்டு" என்று சொல்வதற்கு முன் இந்த ஐந்து பரீட்சை வையுங்கள்:

1. மேடு ஏறும்போது எஞ்சின் முக்குகிறதா?
2. காலை எடுத்தால் சத்தத்தின் குணம் மாறுகிறதா, அளவு மட்டும் குறைகிறதா?
3. கியர் மாற்றும்போது நடுவில் விழுந்து எழுகிறதா?
4. உள்ளே உட்கார்ந்து கேட்பதும் வெளியே நின்று கேட்பதும் வேறாக இருக்கிறதா?
5. எதிரே வந்து கடக்கும் வண்டி 'ரி'யில் வந்து 'ச'வில் போகிறதா?

ஐந்துக்கு மூன்று வந்தால் பாஸ் போடலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் 'ஒலி' நடத்தும் வாரத்தில் ஒரு போனைக் கொடுத்து எங்களைப் பதிவு செய்ய விடுங்கள். நிழற்குடையில் பஸ், வயலில் டிராக்டர், உப்பளத்தில் ஆயில் எஞ்சின். உப்பளத்திலும் இப்போது கரண்ட் மோட்டார் வருகிறது. மின்சார வண்டிகளும் பெருகுகின்றன. தாத்தா காதால் படித்த அந்த எஞ்சின் சத்தம் என் பிள்ளைகள் காலத்தில் இருக்குமா என்று தெரியாது. இருக்கும்போதே பிடித்து வைத்துக்கொள்வோம். நாளைக்கு நம்மில் ஒருவர் வண்டி விளையாட்டு செய்யப் போனால், வேறு ஊர்ச் சத்தத்தைக் கடன் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு செய்தி. பந்தயத்தில் தோற்றவன் மறுநாள் வந்து, "அந்தக் காலி பஸ்ஸ எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டான். "ஒரு நாள் உப்பளத்துக்கு வா, தாத்தா சொல்லித் தருவாரு" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். எனக்குக் கோலம் போடத் தெரியும் என்பதையும் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவனுக்கு அதுவும் தெரியாதாம்!

ரோட்டைக் கடக்கும் முன் காதிலிருந்து இயர்போனை எடுங்கள். கேளுங்கள். பிறகு இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு கடங்கள். சத்தம் இல்லாத வண்டியும் வரும், மறக்காதீர்கள்.



இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு,
கிளியனூர்.